பசியும் இல்லை, மோஷனும் போகவில்லை... இரண்டும் சேர்ந்து வந்தால் காரணம் என்ன? எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

"சாப்ட்டியாம்மா?"

"பசியே இல்ல தம்பி. ரெண்டு வாய் கஞ்சி குடிச்சேன். வெளிக்குப் போயி நாலு நாளாச்சு, வயிறு கனமா இருக்கு."

"வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும். மெடிக்கல்ல ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்க."

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், உடையார்பாளையம் பக்கம் பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கும் எத்தனையோ வீடுகளில் போனில் நடக்கும் பேச்சு இது. பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். மாத்திரை போட்டதும் ஒருநாள் வயிறு கழியும். அடுத்த வாரம் மறுபடி அதே கதை.

இதில் ஒரு தவறு இருக்கிறது. வயது மட்டுமே மலச்சிக்கலுக்குக் காரணம் ஆகாது. வயதானவர்களுக்கு மலச்சிக்கல் அதிகம் வருவது உண்மைதான். ஆனால் வயதோடு சேர்ந்து வரும் மாத்திரைகள், குறைந்துபோன நடமாட்டம், பல் இல்லாத வாய், சர்க்கரை, தைராய்டு, தனிமை ஆகியவைதான் அதற்குப் பின்னால் இருக்கின்றன. இவற்றில் பலவற்றைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடியும். அதற்குக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எது புதிதாக மாறியது?" என்பதுதான்.

எத்தனை நாள் போகாவிட்டால் மலச்சிக்கல்?

தினமும் காலையில் போனால்தான் நல்ல உடம்பு என்று பலர் நினைக்கிறார்கள். மருத்துவம் அப்படிச் சொல்வதில்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை போவதும் இயல்புதான், வாரத்துக்கு மூன்று முறை போவதும் இயல்புதான். மலம் இளக்கமாக, முக்காமல், வலி இல்லாமல் வந்தால் நாள் கணக்கைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை.

வாரத்துக்கு மூன்று முறைக்கும் குறைவாகப் போவது, ஆட்டுப் புழுக்கை போல உருண்டை உருண்டையாக வருவது, ரொம்ப முக்க வேண்டியிருப்பது, போய் வந்த பிறகும் முழுசாகப் போகாத உணர்வு இருப்பது ஆகியவை மலச்சிக்கலின் அடையாளங்கள். தினமும் போகிறவருக்கும் இவை இருந்தால் அது மலச்சிக்கல்தான்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் மலத்தை ஏழு வகையாகப் பிரித்து உருவாக்கிய 'பிரிஸ்டல் அட்டவணை' இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அதில் முதல் இரண்டு வகைகள், அதாவது தனித்தனிப் புழுக்கையும் கட்டி கட்டியாக ஒட்டிய மலமும், மலச்சிக்கலைக் குறிக்கின்றன. வாழைப்பழம் போல வழவழப்பாக வரும் நான்காம் வகை நல்ல அடையாளம்.

பசியின்மையும் மலச்சிக்கலும் ஏன் ஜோடியாக வருகின்றன?

சாப்பாடு வயிற்றுக்குள் இறங்கியதும், "அடுத்த லோடு வருகிறது, இடம் விடு" என்பது போல பெருங்குடலுக்கு ஒரு சிக்னல் போகும். காலை டிபன் அல்லது காபிக்குப் பிறகு பலருக்கு உடனே வெளிக்கு வருவது இதனால்தான். சாப்பாடு குறைந்தால் இந்தத் தூண்டுதலும் குறையும். மலமாகச் சேர வேண்டிய சக்கையும் குறையும்.

இது எதிர்ப்பக்கமாகவும் நடக்கும். குடலில் மலம் தேங்கினால் வயிறு உப்பும், ஏப்பம் வரும், லேசாகக் குமட்டும். சாப்பாட்டைப் பார்த்தாலே வேண்டாம் என்று தோன்றும். ஆக, பசி இல்லாததால் சாப்பிடுவதில்லை; சாப்பிடாததால் மலம் போவதில்லை; மலம் போகாததால் பசிப்பதில்லை. இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்டால் உடல் எடையும் தெம்பும் வேகமாகக் குறையும்.

இந்தச் சுற்று தானாகத் தொடங்காது. எங்கோ ஓரிடத்தில் ஒரு காரணம் அதைத் தொடங்கி வைத்திருக்கும். அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. தட்டு, தண்ணீர், தறி

ஒரு நாளைக்குப் பெரியவர்களுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காய்களும் பழங்களும் சேர்த்து 400 கிராம் சாப்பிட வேண்டும் என்பதும் அதன் பரிந்துரை. நம் தட்டில் இருக்கும் வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு அரை கிராம் நார்ச்சத்துகூட இல்லை. இட்லி, ரசம் சோறு, பால் பிஸ்கட் என்று நாள் ஓடினால் 25 கிராமில் பாதிகூடத் தேறாது.

முந்திரிக்குப் பெயர்போன ஊர்ப்பக்கம் என்பதால் ஒரு ஒப்பீடு. 100 கிராம் முந்திரிப் பருப்பில் சுமார் 3 கிராம் நார்ச்சத்துதான் இருக்கிறது. அதே அளவு வேர்க்கடலையில் 8 கிராமுக்கு மேல். கொய்யாவில் சுமார் 5 கிராம். விலை அதிகமான பொருள் வயிற்றுக்கு அதிகம் உதவும் என்று சொல்ல முடியாது.

வயதானவர்கள் விஷயத்தில் பல் ஒரு பெரிய காரணம். கடைவாய்ப் பல் போய்விட்டால், பல்செட் சரியாக உட்காராவிட்டால், முதலில் தட்டிலிருந்து காணாமல் போவது காயும் கீரையும் சுண்டலும்தான். மிஞ்சுவது கஞ்சியும் குழைந்த சோறும். பசி இல்லை என்று அவர்கள் சொல்வதற்குப் பின்னால் மெல்ல முடியவில்லை என்ற கஷ்டம் ஒளிந்திருக்கலாம்.

தண்ணீரும் முக்கியம். சித்திரை, வைகாசி வெயிலில் முந்திரித் தோப்பிலும் வயல்காட்டிலும் வேலை செய்கிறவர்களுக்கு வியர்வையாகவே நிறையத் தண்ணீர் வெளியேறிவிடும். உடலில் தண்ணீர் குறையும்போது பெருங்குடல் மலத்திலிருந்து கூடுதலாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மலம் இறுகிவிடும். வேலை இடத்தில் கழிப்பறை இல்லை என்பதால் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைப்பதும் நடக்கிறது. வயதானவர்களுக்குத் தாக உணர்வே குறைந்துவிடும் என்பதால் அவர்கள் கேட்டு வாங்கிக் குடிக்க மாட்டார்கள்.

உட்கார்ந்த வேலை மூன்றாவது காரணம். ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் நெசவாளர் குடும்பங்கள் பல உண்டு. தறியில் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்தே இருப்பவர்கள், கடையில் கல்லாவில் இருப்பவர்கள், டிரைவர்கள், கம்ப்யூட்டர் முன் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். அடிபட்டு, ஆபரேஷன் முடிந்து படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இன்னும் அதிகம்.

"அப்புறம் போய்க்கலாம்" என்று அடக்குவதும் ஒரு காரணம். வரும் உணர்வைத் திரும்பத் திரும்ப அடக்கினால் மலக்குடல் அந்த உணர்வைத் தெரிவிப்பதையே குறைத்துக்கொள்ளும்.

2. மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்

மலச்சிக்கலும் பசியின்மையும் புதிதாகத் தொடங்கியிருந்தால் உடனே பார்க்க வேண்டிய இடம் மாத்திரை டப்பா. கடந்த இரண்டு மூன்று மாதங்களில் புதிதாகச் சேர்ந்த மாத்திரை எது, அளவு கூட்டப்பட்ட மாத்திரை எது என்று பாருங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை: 2018-ல் தொடங்கப்பட்ட 'ரத்தசோகை இல்லா பாரதம்' திட்டப்படி கர்ப்பிணிகளுக்கு 180 நாட்களும், பிரசவத்துக்குப் பிறகு 180 நாட்களும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை தரப்படுகிறது. சிலருக்கு இது மலச்சிக்கலையும் குமட்டலையும் தரும். மலம் கருப்பாகவும் போகும். கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தாலும் குடல் மெதுவாகிவிடுவதால் தொல்லை இரட்டிப்பாகத் தெரியும். இதற்காக மாத்திரையை ரகசியமாகத் தூக்கிப் போடுவது ஆபத்து. பிரசவத்தில் ரத்தசோகை தாயின் உயிரோடு விளையாடும். கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால் நேரத்தை மாற்றியோ வேறு வகை தந்தோ வழி செய்வார்கள்.

பிரஷர் மாத்திரைகள்: சிலருக்கு அம்லோடிபின், அதைவிட அதிகமாக வெரபமில், மலச்சிக்கல் தரும். நீர் பிரியும் மாத்திரைகள் உடலின் தண்ணீரையும் பொட்டாசியத்தையும் குறைத்துக் குடலை மந்தமாக்கும்.

சர்க்கரை மாத்திரை: மெட்ஃபார்மின் பொதுவாக வயிற்றுப்போக்கைத்தான் தரும், ஆனால் பசியைக் குறைக்கும்.

இதய நோய்க்கான டிகாக்சின்: இதைச் சாப்பிடும் முதியவருக்குத் திடீரென்று பசி போய், குமட்டல் வந்தால் மருந்து உடலில் அளவுக்கு மீறிச் சேர்ந்திருக்கலாம். இதற்குத் தாமதிக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

வலி, இருமல், தூக்கம், அலர்ஜிக்கான மருந்துகள்: ட்ரமடால் போன்ற கடும் வலிநிவாரணிகள், கோடீன் கலந்த இருமல் சிரப், அமிட்ரிப்டிலின், சளிக்குக் கொடுக்கும் தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள் எல்லாமே குடலின் வேகத்தைக் குறைப்பவை. அலுமினியம் கலந்த அசிடிட்டி மருந்துகளும், கால்சியம் மாத்திரையும் இந்தப் பட்டியலில் உண்டு.

எடைக் குறைப்பு ஊசிகள்: 2025-ல் மௌஞ்சாரோ, வெகோவி ஆகியவை இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. சாப்பாடு இரைப்பையிலிருந்து இறங்குவதைத் தாமதமாக்கி, பசியைக் குறைப்பதுதான் இவற்றின் வேலையே. ஆகவே இவற்றைப் போட்டுக்கொள்பவருக்குப் பசியின்மை எதிர்பார்த்ததுதான். மலச்சிக்கலும் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. டாக்டரின் மேற்பார்வை இல்லாமல் போட்டுக்கொள்வதில்தான் சிக்கல்.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம் என்பது பெரிய வசதி. அதே நேரம், மாத்திரை வீட்டுக்கு வருவதால் டாக்டரைப் பார்ப்பதையே விட்டுவிடக்கூடாது. மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் "பசி இல்லை, வெளிக்குப் போகலை" என்று சொல்லலாம். சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாது.

ஒன்றை மறக்க வேண்டாம். சந்தேகப்படும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டப்பாவோடு டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

3. உடலுக்குள் இருக்கும் நோய்கள்

தைராய்டு குறைவு: பசி குறைவாக இருந்தும் எடை கூடுகிறதா? எப்போதும் களைப்பு, குளிர் தாங்காமை, முடி கொட்டுதல், வறண்ட தோல் இருக்கிறதா? அப்படியானால் தைராய்டு சுரப்பி மந்தமாகியிருக்கலாம். டி.எஸ்.எச். என்ற ஒரு ரத்தப் பரிசோதனை போதும், தெரிந்துவிடும். மாத்திரையில் நன்றாகக் கட்டுப்படும்.

நாள்பட்ட சர்க்கரை நோய்: பல வருடம் கட்டுப்பாடில்லாமல் இருந்த சர்க்கரை, கால் நரம்புகளைப் பாதிப்பது போலவே இரைப்பை, குடல் நரம்புகளையும் பாதிக்கும். நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிடும், சாப்பிட்டது மணிக்கணக்கில் அப்படியே நிற்கும், மலமும் தள்ளிப்போகும்.

சிறுநீரகக் கோளாறு: பசியின்மை, வாயில் ஒருவித உலோகச் சுவை, குமட்டல், கால் வீக்கம் ஆகியவை சிறுநீரகம் பழுதடைவதைக் காட்டலாம். இதைக் கிரியாட்டினின் பரிசோதனை காட்டிக்கொடுக்கும்.

ரத்தத்தில் கால்சியம் கூடுவது: மலச்சிக்கல், பசியின்மை, அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், குழப்பமான பேச்சு ஆகியவை சேர்ந்து வந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். பாராதைராய்டு சுரப்பிக் கோளாறு, சில புற்றுநோய்கள், அளவில்லாமல் வைட்டமின் டி சாப்பிடுவது ஆகியவை காரணமாகலாம். கால் வலிக்கு வைட்டமின் டி நல்லது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு மாதக்கணக்கில் அதிக டோஸ் போடுவோர் கவனிக்கவும்.

ஈயம்: வயிற்றைப் பிசையும் வலி, மலச்சிக்கல், பசியின்மை மூன்றும் ஈய நச்சின் பழைய அடையாளங்கள். பழைய பேட்டரி உடைக்கும், உருக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு. உரிமம் இல்லாதவர்கள் கொடுக்கும் உலோகம் கலந்த பஸ்பங்களிலும் ஈயம் இருக்கலாம்.

வயிற்றுக் காசநோய்: காசநோய் நுரையீரலில் மட்டும் வருவது அல்ல. மாலையில் காய்ச்சல், எடை குறைவு, பசியின்மை, விட்டு விட்டு வயிற்றுவலி, மலம் போவதில் மாற்றம் ஆகியவை இருந்தால் குடல் காசநோயையும் டாக்டர்கள் யோசிப்பார்கள். அரசு மருத்துவமனைகளில் இதற்கு இலவச சிகிச்சை உண்டு.

பெருங்குடல் புற்றுநோய்: 50 வயதுக்கு மேல், இதுவரை ஒழுங்காகப் போனவருக்குத் திடீரென்று மலம் போகும் பழக்கம் மாறி, வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் அலட்சியம் கூடாது. மலத்தில் ரத்தம், மலம் மெலிந்து வருவது, காரணம் தெரியாத ரத்தசோகை, எடை இறக்கம் ஆகியவை சேர்ந்தால் இன்னும் அவசரம். ரத்தம் வந்தாலே மூலம் என்று முடிவு கட்டி, மாதக்கணக்கில் மூல மருந்து சாப்பிடுவதுதான் பலரின் நோயை முற்ற வைக்கிறது. மூலம் உள்ளவருக்கும் புற்றுநோய் வரலாம். குறைந்த வயதில் இந்த அறிகுறிகள் வந்தாலும் பரிசோதிக்க வேண்டும்.

பார்கின்சன் நோயிலும் கை நடுக்கம் தெரிவதற்குப் பல வருடம் முன்பே மலச்சிக்கல் தொடங்குவது உண்டு.

4. மனசும் ஒரு காரணம்தான்

கணவரை இழந்த பாட்டி, பிள்ளைகள் போன பிறகு ஒருவருக்காக மட்டும் உலை வைக்க மனமில்லாமல் காலையில் வைத்த சோற்றையே இரவும் சாப்பிடுகிறார். பசி இல்லை, தூக்கம் இல்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. இது மனச்சோர்வாக இருக்கலாம். மனச்சோர்வின் அறிகுறிகளில் பசியின்மை ஒன்று. குடலும் கூடவே மந்தமாகும். முதியவர்கள் "மனசு சரியில்லை" என்று சொல்வது குறைவு. "வயிறு சரியில்லை" என்றுதான் சொல்வார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் டாக்டரிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416-ல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

5. குழந்தைகளுக்கு வந்தால்?

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, ஒன்றரை மாதத்துக்குப் பிறகு சில நாட்கள் மலம் போகாமலே இருக்கலாம். குழந்தை நன்றாகப் பால் குடித்து, எடை கூடி, மலம் இளக்கமாகப் போனால் பயப்பட வேண்டாம்.

ஆனால் பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் கருப்பு மலம் போகாத குழந்தைக்குக் குடலில் பிறவிக் குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மஞ்சள் காமாலை நீண்டு, பால் குடிக்காமல், மலமும் போகாமல், சோம்பலாக இருக்கும் குழந்தைக்குத் தைராய்டு பரிசோதனை அவசியம். தாமதித்தால் மூளை வளர்ச்சி பாதிக்கும்.

பிறந்த குழந்தைக்குச் 'சேனை' தொட்டு வைக்கும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. ஒரு வயது முடியும் வரை தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் விதைகள் குழந்தையின் குடலில் முளைத்து நச்சை உண்டாக்கலாம். அரிதாகத்தான் வரும், ஆனால் மிக ஆபத்தானது. மலச்சிக்கலும், பால் உறிஞ்ச முடியாமல் போவதும்தான் அதன் முதல் அறிகுறிகள். அதேபோல, வயிறு சுத்தமாகட்டும் என்று பச்சைக் குழந்தைக்கு விளக்கெண்ணெய் புகட்டினால், எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரலாம்.

பள்ளி செல்லும் பிள்ளைகளில் பெரும்பாலும் காரணம் அடக்குவதுதான். ஒருமுறை வலியோடு போன குழந்தை அடுத்த முறை பயந்து அடக்கும். பள்ளிக் கழிப்பறை பிடிக்காமல் அடக்கும். அளவுக்கு அதிகமாகப் பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு மற்ற சாப்பாட்டில் பசி இருக்காது, மலமும் இறுகும். திட்டி அதட்டுவதால் இது கூடுமே தவிரக் குறையாது.

ஏமாற்றும் வயிற்றுப்போக்கு

வீட்டில் முதியவர் இருந்தால் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பல நாள் மலம் போகாதவருக்குத் திடீரென்று தண்ணீராக, கொஞ்சம் கொஞ்சமாக, தன்னை அறியாமல் துணியில் கசிய ஆரம்பிக்கும். லூஸ் மோஷன் என்று நினைத்து நிறுத்துவதற்கு மாத்திரை கொடுத்துவிடுவார்கள். உண்மையில் உள்ளே கல் போல மலம் அடைத்திருக்க, அதன் ஓரமாகத் தண்ணீர் மட்டும் கசிந்து வருகிறது. நிறுத்தும் மாத்திரை அடைப்பை இன்னும் மோசமாக்கும். சாப்பிடாமல், வயிறு உப்பி, இப்படிக் கசிந்தால் டாக்டர் பரிசோதித்த பிறகே மருந்து கொடுக்க வேண்டும்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

• மலமும் போகவில்லை, காற்றும் பிரியவில்லை, வயிறு உப்பியிருக்கிறது
• கடுமையான வயிற்றுவலி, தொடர் வாந்தி. குறிப்பாக வாந்தி பச்சையாகவோ மல நாற்றத்தோடோ வருவது
• இரும்பு மாத்திரை சாப்பிடாமலே தார் போலக் கருப்பாக மலம் போவது, அல்லது நிறைய ரத்தம்
• காய்ச்சலோடு வயிறு கல் போல இறுகுவது
• முதியவருக்குத் திடீர் குழப்பம், மயக்கம், சிறுநீர் போகாமை
• முதுகுவலியோடு கால் மரத்துப்போய், மலம், சிறுநீர் கட்டுப்பாடு போவது

இவற்றில் ஒன்று இருந்தாலும் பேதி மாத்திரை, எனிமா எதுவும் வீட்டில் முயற்சிக்க வேண்டாம். குடல் அடைத்திருக்கும்போது பேதி மருந்து கொடுத்தால் குடல் கிழியும் ஆபத்து உண்டு. 108-ஐ அழையுங்கள்.

அவசரம் இல்லாவிட்டாலும், பசியின்மையும் மலச்சிக்கலும் இரண்டு, மூன்று வாரம் நீடித்தால், அல்லது முயலாமலே எடை குறைந்தால், டாக்டரைப் பார்க்க வேண்டும்.

எங்கே போவது, என்ன சொல்வது?

தொடக்கத்தில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமோ ஜெயங்கொண்டம் அரசு மருத்துவமனையோ போதும். மேல் பரிசோதனை தேவைப்பட்டால், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 104-ல் ஆலோசனை கேட்கலாம்.

போகும்போது கையில் மூன்று விஷயங்கள் இருக்கட்டும்.

ஒன்று, வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளும். நாட்டு மருந்து, சூரணம், லேகியம் உட்பட.

இரண்டு, ஒரு வாரக் குறிப்பு. காலண்டர் தாளிலேயே எழுதலாம். எந்த நாள் போனது, எப்படிப் போனது, எவ்வளவு சாப்பிட்டார் என்பது போதும்.

மூன்று, "எப்போது தொடங்கியது, அதற்குக் கொஞ்சம் முன்பு என்ன மாறியது" என்பதற்கான பதில். புது மாத்திரையா, பல் பிடுங்கியதா, வேலை நின்றதா, வீட்டில் துக்கமா?

டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். ஆசனவாயில் விரல் பரிசோதனை செய்யலாம். கூச்சமாக இருந்தாலும் ஒரு நிமிட வேலை. மலம் அடைத்திருக்கிறதா, கட்டி இருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு, கிரியாட்டினின், கால்சியம் ஆகியவற்றுக்கு ரத்தம் எடுக்கலாம். சந்தேகம் இருந்தால் ஸ்கேன் அல்லது கொலோனோஸ்கோபி.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஆபத்து அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் இவற்றை முயற்சிக்கலாம்.

சாப்பாடு: தினமும் ஒரு வேளை கீரை அல்லது காய் கூடுதலாக. முருங்கைக்கீரை, அவரை, வாழைத்தண்டு, பச்சைப்பயறு, கொய்யா, பப்பாளி எல்லாம் பக்கத்துச் சந்தையிலேயே கிடைப்பவை. கம்பு, கேழ்வரகு, வரகு நல்ல மாற்று. மெல்ல முடியாதவர்களுக்குக் கீரையை மசித்து, காயைக் குழைய வேகவைத்து, பயறைக் கஞ்சியில் சேர்த்துக் கொடுக்கலாம். ஒரே நாளில் நார்ச்சத்தைக் கூட்டினால் வயிறு உப்பும். வாரக்கணக்கில் மெல்லக் கூட்டுங்கள்.

பசி இல்லாதவருக்கு: மூன்று பெரிய வேளைக்குப் பதில் ஐந்தாறு சிறு வேளை. தட்டு நிறையச் சோற்றைப் போட்டு மிரட்டாமல், கொஞ்சமாக, அவருக்குப் பிடித்ததை, முடிந்தால் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

தண்ணீர்: சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதிய அளவு குடிக்கிறீர்கள் என்று பொருள். மோர், கூழ், பழைய சோற்றுத் தண்ணீரும் கணக்கில் சேரும். இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக்கூடாது.

நேரம்: காலைச் சாப்பாடு முடிந்து 20, 30 நிமிடத்தில் கழிப்பறைக்குப் போய் உட்காரும் பழக்கம். குடலின் சிக்னல் வலுவாக இருக்கும் நேரம் அது. வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கு அடியில் ஒரு சிறு ஸ்டூல் வைத்து முழங்காலை இடுப்புக்கு மேல் உயர்த்திக்கொண்டால் மலம் எளிதாக இறங்கும். செல்போன் வெளியிலேயே இருக்கட்டும்.

நடை: தறியிலோ கடையிலோ இருப்பவர்கள் மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கலாம். முதியவர் தெருக்கோடி வரை போய் வந்தாலே பலன் உண்டு.

மலமிளக்கி தினமும் சாப்பிடலாமா?

எல்லா மலமிளக்கிகளும் ஒன்றல்ல. இசப்கோல் நார்ச்சத்து வகை. போதிய தண்ணீரோடு குடிக்காவிட்டால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். லாக்டுலோஸ் சிரப் குடலுக்குள் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்கும். பிசகோடில் மாத்திரை குடலைத் தூண்டி வேலை வாங்கும் வகை.

சித்த மருத்துவத்தின் நிலவாகைச் சூரணமும் தூண்டும் வகைதான். திருநெல்வேலிச் சீமையில் விளைந்து உலகம் முழுக்கப் போகும் நிலவாகை இலையைத்தான் ஆங்கில மருந்திலும் சென்னா என்ற பெயரில் பயன்படுத்துகிறார்கள். மூலிகை என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்பது தவறு. அளவு மீறினால் வயிற்றைப் பிசையும், பொட்டாசியம் குறையும்.

டாக்டர் சொன்னால் சில மலமிளக்கிகளை நீண்ட நாள்கூடச் சாப்பிடலாம். காரணத்தைத் தேடாமல் தானாக வாங்கித் தினமும் போடுவதுதான் பிரச்னை. அறிகுறி மறையும், தைராய்டோ, கட்டியோ, மனச்சோர்வோ உள்ளே அப்படியே இருக்கும்.

அடுத்த முறை போன் பேசும்போது...

ஊரில் இருக்கும் அம்மா, அப்பாவிடம் "சாப்ட்டியா?" என்று கேட்பதோடு இன்னும் மூன்று கேள்வி கேட்கலாம். "என்ன சாப்ட்ட?" "கடைசியா எப்ப வெளிக்குப் போன?" "புதுசா ஏதும் மாத்திரை குடுத்திருக்காங்களா?"

கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை. பெரும்பாலான நேரங்களில் பதில் ஒரு மாத்திரையிலோ, ஒரு பல்செட்டிலோ, குறைந்துபோன தண்ணீரிலோ முடிந்துவிடும். சில நேரம் பெரிய நோயாக இருக்கும். அப்போதும் இந்த மூன்று கேள்விகள் அதைச் சீக்கிரம் கண்டுபிடிக்க உதவும். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்ற பதிலை மட்டும் இருவரும் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

(இது பொதுவான தகவலுக்கான கட்டுரை. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற சிகிச்சையை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.)